தடைக்காலமும் பள்ளி விடுமுறையும்: தந்தையை இழந்த பிள்ளைகளோடு ஒரு கோடை

ராமேசுவரம் தீவில் விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் வீடுகளில், கோடை விடுமுறை என்றாலே அப்பா வீட்டில் இருக்கும் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிகளும் ஏறத்தாழ அதே நாட்களில்தான் மூடியிருக்கும். வாரத்தில் மூன்று நாட்கள் கடலுக்குப் போய், மறுநாள் காலையில் கரை திரும்பி, மீனை இறக்கிப் பங்கு பிரித்து, வீட்டுக்கு வந்ததும் அயர்ந்து தூங்கிவிடும் தந்தையர், இந்த இரண்டு மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு முழுமையாகக் கிடைக்கிறார்கள். சென்ற ஆண்டு மார்ச்சில், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா முடிந்த சில நாட்களில், இரவில் மடிவலை இழுக்கும்போது என் கணவர் படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்தார். மறுநாள் மாலை உடலைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அப்போது மகன் ஐந்தாம் வகுப்பிலும் மகள் ஒன்றாம் வகுப்பிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின் வந்த கோடை விடுமுறையை இரு பிள்ளைகளோடு எப்படிக் கடந்தேன், எதற்கெல்லாம் பணம் போயிற்று, எது உண்மையில் உதவியது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். இழவு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நூறு பேர் இருந்தார்கள். பள்ளி மூடிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை வரை வீட்டில் ஆட்கள் குறையவே இல்லை. யாரோ சமைத்தார்கள், யாரோ மகளுக்குத் தலை வாரினார்கள், யாரோ இருவரையும் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். பூசையும் ஆண்டு இறுதித் தேர்வும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் முடிந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அண்ணன் குடும்பம் புறப்பட்டது; மதுரையிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் புறப்பட்டார். பள்ளியும் இல்லை, ஆட்களும் இல்லை என்ற நிலை ஒரே நாளில் வந்தது. இதுவரை பிள்ளைகளைத் தாங்கி நின்றது நாங்கள் சொன்ன ஆறுதலன்று, காலையில் சீருடை போட்டுக்கொண்டு போவதும் மாலையில் திரும்பி வருவதும்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்படியொரு இழப்பு நேர்ந்த வீட்டில் இருப்பவர்கள், பள்ளி மூடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே விடுமுறை நாட்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுங்கள். உறவினர்களிடமும், எல்லோரும் முதல் மாதத்திலேயே வந்து தங்கிவிடாமல், ஒருவர் ஏப்ரல் கடைசியில், இன்னொருவர் மே நடுவில் என்று பிரித்து வரும்படி கேளுங்கள். கேட்டால் வருத்தப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். எங்கள் வீட்டில் கேட்டவுடன் நாத்தனார் மே மாதத்தில் மீண்டும் வந்தார்.

தடை தொடங்கியதும் படகுகள் எல்லாம் கரைக்கு வந்தன. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தந்தை உட்கார்ந்து வலை சரி செய்துகொண்டிருந்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் மதியம் அவளைக் காணவில்லை. தேடிப் போனபோது, படகுத்துறையில், தன் அப்பா வேலை செய்த படகுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். அந்தப் படகின் பதிவு எண் அவளுக்கு மனப்பாடம். "படகு வந்துடுச்சு, அப்பா மட்டும் ஏன் இறங்கலை?" என்று அங்கே வண்ணம் பூசிக்கொண்டிருந்தவரிடம் கேட்டிருக்கிறாள். அவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் இழவு வீட்டில் மயங்கிக் கிடந்த நாட்களில், அவளைத் தேற்றுவதாக நினைத்து யாரோ, "அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தை அதை அப்படியே நம்பியிருந்தாள். தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரைக்கு வந்தாக வேண்டும் என்பது மீனவர் வீட்டுக் குழந்தைக்குத் தெரியாததல்ல. எனவே அவளுடைய கணக்கில் அப்பா வர வேண்டிய நாள் வந்துவிட்டது.

அன்று இரவு எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. மகளிர் குழுவில் உடன் இருக்கும் ஓர் அக்கா 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். இது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள் என்றார். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார், கடவுள் அழைத்துக்கொண்டார் என்றெல்லாம் சொன்னால் சிறு குழந்தை தூங்குவதற்கே பயப்படும், அல்லது காத்திருக்கும் என்றார். மறுநாள் காலையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா கடலில் விழுந்து இறந்துவிட்டார், இறந்தவருக்கு மூச்சு வராது, பசிக்காது, குளிராது, வலிக்காது, அவர் திரும்பி வர முடியாது, ஆனால் அது உன்னாலும் அண்ணனாலும் நடந்ததில்லை என்று சொன்னேன். அவள் அழுதாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடத் தொடங்கிவிட்டாள். மாமியாருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் இருக்கும்: சிறிது நேரம் அழுவார்கள், விளையாடுவார்கள், பிறகு அதே கேள்வியுடன் திரும்பி வருவார்கள். இறந்தவர் என்றென்றைக்கும் வர மாட்டார் என்பது அந்த வயதில்தான் மெல்ல மெல்லப் புரியத் தொடங்குகிறது. எத்தனை முறை கேட்டாலும் அதே பதிலை அதே சொற்களில் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அந்தச் சொற்களையே சொல்ல வேண்டும்.

மகனின் நிலை வேறு. அடக்கத்தன்று வந்தவர்களில் பலர் அவன் தோளைத் தொட்டு, "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை" என்று சொல்லிச் சென்றார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல் இது. அவன் அழுவதை நிறுத்திவிட்டான். இரவில் கதவு தாழ்ப்பாளை எழுந்து எழுந்து சரிபார்த்தான். தங்கை அழுதால் அவள் மேல் எரிந்து விழுந்தான். அடிக்கடி வயிற்றுவலி என்றான். மகளோ, எப்போதோ நின்றுபோன பழக்கமாகிய படுக்கையை நனைப்பதை மீண்டும் தொடங்கினாள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினேன். இவை துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணப்படுவனவே என்றும், திட்டவோ பிறர் முன்னால் சொல்லவோ கூடாது என்றும், பல வாரங்கள் குறையாமல் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் முற்றிலும் கெட்டாலோ, அப்பாவிடம் போக வேண்டும் என்பது போன்ற பேச்சு வந்தாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய நிம்மதி.

இனிப் பணம் போன கதை. பிள்ளையை வெளியே அனுப்பினால் மாறுவான் என்று எல்லோரும் சொன்னதால், ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கோடை முகாமில் மகனைச் சேர்த்தேன். கட்டணம் ரூ.4,500; பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் தனி. சேர்க்கைப் படிவத்தை அவனே நிரப்பினான். தந்தை பெயர், தொழில், கைபேசி எண் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அவன் தன் அப்பாவின் எண்ணையே, கடலில் அவருடனேயே போன அந்தக் கைபேசியின் எண்ணையே, எழுதியிருந்தான். நான் பார்த்தும் திருத்த மனம் வரவில்லை. என் எண்ணைப் பக்கத்தில் எழுதினேன். சில நாட்கள் கழித்து நீச்சல் வகுப்புக்கு ஒப்புதல் கேட்டபோது, பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும், "உன் அப்பாவின் நம்பருக்குப் போட்டால் போகவே இல்லை, நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவன் அங்கே போக மறுத்துவிட்டான். கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அந்த நாட்களில் நானும் கூடவே பேருந்தில் போய் வந்ததால் நான் பார்த்து வந்த நண்டு கம்பெனி வேலைக்கும் போக முடியாமல் கூலியும் போயிற்று. பிள்ளையை எந்த முகாமில் சேர்த்தாலும், சேர்க்கும் முன் பொறுப்பாளரைத் தனியே பார்த்து, நடந்ததை இரண்டு வரியில் சொல்லி, படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதி, இரண்டு நாட்கள் பார்த்த பிறகு கட்டணம் கட்டலாமா என்று கேளுங்கள். அதற்கு உடன்படாத இடம் நம் பிள்ளைக்கு ஏற்ற இடமன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்ட விளையாட்டரங்கில் கோடைப் பயிற்சி நடத்துவது வழக்கம். ராமநாதபுரம் நகருக்கு அருகில் இருப்பவர்கள் அதை முதலில் விசாரிக்கலாம். தீவிலிருந்து தினமும் போய் வருவது இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளைக்கும் தாய்க்கும் தாங்காது என்பதே என் கருத்து.

உண்மையில் உதவியவை எல்லாம் வீட்டுக்கு அருகிலேயே இருந்தன, பெரும்பாலும் செலவில்லாதவை. முதலில், நாளுக்கு ஒரு வடிவம் கொடுத்தோம். காலையில் ஆளுக்கு ஒரு வீட்டு வேலை, வெயில் ஏறும் முன் விளையாட்டு, மதியம் கிளை நூலகம் அல்லது வீட்டில் படம் வரைதல், மாலையில் கோயில் முற்றத்தில் நடந்த பிள்ளைகள் வகுப்பு. மறுநாள் என்ன என்பதை இரவிலேயே மகன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவான். தாழ்ப்பாளைச் சரிபார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு குறைந்தது. நாளை என்ன நடக்கும் என்று தெரிவதே அவனுக்குப் பாதுகாப்பாக இருந்தது போலும். இரண்டாவதாக, என் கொழுந்தனார் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வலை சரி செய்யக் கற்றுக்கொடுத்தார். கிழிந்த வலைக் கண்ணின், அதாவது வலைத் துளையின், ஓரங்களை முதலில் வெட்டி நேராக்கி, வலை ஊசியில் நூலைச் சுற்றி, இடது கை விரலால் கண்ணின் அளவைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட வேண்டும். முதலில் அவன் போட்ட கண்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தன. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மறுபடி கொடுத்தார். கை வேலையில் இருக்கும்போதுதான் அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். நேருக்கு நேர் உட்கார வைத்து, "மனதில் இருப்பதைச் சொல்" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. விழுந்தபோது அப்பா கத்தினாரா, படகில் இருந்தவர்களுக்குக் கேட்டதா என்று தன் சித்தப்பாவிடம்தான் அவன் முதன்முதலில் கேட்டான். அவரும் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார்.

வெளியே போனதிலும் அருகில் இருந்தவற்றையே தேர்ந்தோம்: பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம், சாலைப் பாலத்திலிருந்து புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்ப்பது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்து, குஞ்சுகளை அதிகாலையில் கடலில் விடுவார்கள். ஒரு நாள் அனுமதி பெற்றுப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். மகள் மிகவும் மகிழ்ந்தாள், திடீரென்று, "இதுகளோட அப்பா கடலுக்குள்ள இருப்பாரா?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் பேச்சை மாற்றப் பார்த்தார்கள். ஆமைகள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சுகள் தாமாகவே வளரும் என்று உள்ளதைச் சொன்னேன். இப்படி எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கேள்வி வரும். அதற்கு அஞ்சி வெளியே போகாமல் இருக்க வேண்டியதில்லை.

கடலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மகன் கடற்கரைப் பக்கமே வர மறுத்தான். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, கடலுக்குப் பயந்து ஒரு பிள்ளை வாழ முடியாது. அதே நேரம், 'பயம் போகட்டும்' என்று தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்குவதும் கொடுமை. எங்கள் தீவில் வடக்கே இருக்கும் பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். மே மாதத்தில் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் ஆழம் குறைந்து, பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எனவே வடகரைக்கே போனோம். முதலில் மணலில் மட்டும், பிறகு ஈர மணலில், பிறகு கணுக்கால் அளவு என்று அவன் சொன்ன இடத்தில் நின்றோம். ஒவ்வொரு முறையும், "போதும் என்றால் சொல், திரும்பிவிடலாம்" என்று சொல்லிவிட்டே போவோம். மே கடைசியில் அவனே முழங்கால் அளவு இறங்கினான். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் எப்போதும் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உறவினர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள்: மகனை விடுமுறை முழுவதும் அண்ணன் வீட்டுக்கும், மகளை நாத்தனார் வீட்டுக்கும் அனுப்பிவிடு, உனக்கும் ஓய்வு கிடைக்கும் என்று. எனக்கு ஓய்வு தேவைதான். ஆனால் ஒருவரை இழந்த பிள்ளைகள், அடுத்து யார் போவார்கள் என்ற அச்சத்திலேயே இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தாயையும், கூடப் பிறந்தவரையும் பிரித்தால் அந்த அச்சம் உறுதியாகிவிடும். இருவரையும் சேர்த்தே, ஒரு வாரம் மட்டும் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். திரும்பும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டி, இரவு எட்டு மணிக்கு அம்மா பேசுவேன் என்று சொல்லி, அதைத் தவறாமல் செய்தேன். அந்த ஒரு வாரத்தில்தான் நான் தனியே உட்கார்ந்து அழ முடிந்தது. சான்றிதழ், உதவித்தொகை என்று அரசு அலுவலகங்களில் முடிக்க வேண்டிய வேலைகளையும் பார்க்க முடிந்தது.

அலுவலக வேலைகளைக் கோடைக்குத் தள்ளிப்போட முடியாது. பள்ளி மூடுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு தரகர் ரூ.6,000 வாங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இழுத்தடித்தார். பிறகு நானே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது கட்டணம் ரூ.60 மட்டுமே. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. தள்ளிப்போனால் அபராதமும் அலைச்சலும் கூடும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கணவரின் மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் விவரம் ஆகியவற்றைப் பல நகல்கள் எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் பதிவு செய்திருந்த மீனவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் ரூ.1,200. பிள்ளைகளுக்கென்று இரண்டு திட்டங்களை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் மாணவரின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால், மாணவர் பெயரில் ரூ.75,000 வைப்புத் தொகையாகப் போடும் திட்டம். இதற்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மே மாதத்தில் பள்ளி பூட்டியிருந்ததால் எனக்கு இரண்டு மாதங்கள் வீணாயின. இன்னொன்று, மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கணவரை இழந்த தாயின் பராமரிப்பில் உள்ள குழந்தைக்கு மாதம் ரூ.4,000 வரை தரும் நிதி ஆதரவு. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள்ளும், நகர்ப்புறத்தில் ரூ.96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். இதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் கடலில் காணாமல் போனவரின் குடும்பம் இருக்கிறது. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சட்டப்படி 7 ஆண்டுகள் தகவல் இல்லாதபோதுதான் இறந்ததாகக் கருத இடமுண்டு. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்தது. தனித்தனி விபத்துகளில் அது தானாகக் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் இறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, வருவார் என்றும் சொல்லக்கூடாது. தேடினார்கள், இன்னும் கிடைக்கவில்லை, தெரிந்தவுடன் முதலில் உனக்குத்தான் சொல்வேன் என்று அந்தத் தாய் சொல்லி வருகிறார். அவர் சுமப்பது என்னுடையதைவிடப் பெரிது. அந்தப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் அந்தக் கோடையில் ஒன்றாகவே இருந்தார்கள். அப்பா இல்லாத இன்னொரு பிள்ளையோடு விளையாடும்போது விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "என்ன உதவி வேண்டுமானாலும் கேள்" என்று பலர் சொன்னார்கள். என்ன கேட்பது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. எதிர் வீட்டு அக்கா மட்டும், "செவ்வாயும் வெள்ளியும் மதியம் உன் பிள்ளைகள் என் வீட்டில் சாப்பிடட்டும், நீ வேலைக்குப் போய் வா" என்றார். அந்த இரண்டு நாள் கூலியில்தான் அந்த மாதம் நகர்ந்தது. தங்கள் பிள்ளைகளைக் கடைக்கோ பாலத்துக்கோ அழைத்துச் செல்லும் தந்தையர், கூடவே இந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்; வர மறுத்தாலும் மறுமுறையும் கூப்பிடுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் முன்பே வகுப்பாசிரியர்களைப் பார்த்தேன். மகன் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி செல்வதால், அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. அறிமுக நாளில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று எழுந்து நின்று சொல்ல வைக்க வேண்டாம், ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொன்னால் விரும்பியவருக்குச் செய்யலாம் என்று விட்டுவிடுங்கள், தேவைப்பட்டால் வகுப்பை விட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வர அனுமதியுங்கள் என்று மூன்றை மட்டும் கேட்டேன். ஆசிரியர் குறித்துக்கொண்டார். பிறகு தடை நீங்கி, கொழுந்தனார் முதன்முதலாகக் கடலுக்குப் போகும் நாள் வந்தது. மகன் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. அவர் அவனைப் படகுக்கே அழைத்துப் போய், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டினார்; வானிலை அறிவிப்பில் காற்றின் வேகம் எவ்வளவு என்று சொன்னார்; எத்தனை மணிக்குக் கரை திரும்புவோம் என்றும், தாமதமானால் யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த ஆண்டும் ஏப்ரல் நெருங்குகிறது. பள்ளி மூடும் முன் தலைமையாசிரியரிடம் ரூ.75,000 விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும், எதிர் வீட்டு அக்காவிடம் செவ்வாய், வெள்ளியை உறுதி செய்ய வேண்டும், நாத்தனாரை மே நடுவில் வரச் சொல்ல வேண்டும்.